ஒட்டகச்சிவிங்கியின் காது வரை

மே 2, சனி

ஜெரால்டு சார் எழுதச் சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு அப்பா, தன் பையனைச் சூறாவளி ரைடில் ஏற்றாமல் நான் கையைப் பிடித்துத் தள்ளினேன் என்று ஆபீஸில் போய்ப் புகார் கொடுத்தார். தள்ளவில்லை. தள்ள வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். "நடந்தத அன்னன்னைக்கே எழுதி வச்சுக்கங்க வேதவல்லி. நாளைக்கு எவனாவது கேட்டா காட்டலாம்" என்றார் சார். மருந்துக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

என் வேலையை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் பார்க்கில் சூறாவளி என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏறியவர்களின் சாப்பாட்டை வெளியே கேட்கும். அதன் வாசலில் நான் நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கிப் பலகை. அதன் காது நூற்றிருபது சென்டிமீட்டரில் இருக்கிறது. பிள்ளையின் உச்சந்தலை காதைத் தொட்டால் ஏறலாம். தொடாவிட்டால் "அடுத்த வருஷம் வா கண்ணு" என்று சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்புவேன். மிட்டாய் பார்க் செலவு, திட்டு என் செலவு.

என்னை ஏமாற்ற முடியாது. உச்சியில் கொண்டை போட்டு வருவார்கள், கொண்டையைக் கையால் அமுக்கிவிடுவேன். ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்து வைப்பார்கள், ஷூவைக் கழற்றச் சொல்வேன். காலையில் ஏறிய பிள்ளை சாயங்காலம் அரை விரல் குறைந்து நிற்கும். நாள் முழுக்க ஆடினால் யாருக்கும் அப்படித்தான், முதுகெலும்பு அமுங்கும். அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள். சாயங்காலமும் அதே காதுதான் என்பேன்.

மே 3, ஞாயிறு

கூட்டம். காலிரண்டும் வீங்கிவிட்டன. வீட்டில் மாவு இல்லை, உப்புமா. மகள் சுடரும் அவள் அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். தினமும் கேட் திறக்கும் முன் இரும்பு டேப்பைத் தரையில் ஊன்றிப் பலகையை அளப்பேன். தரை கழுவும்போது ரப்பர் பாய் நகரும், பலகை ஆடும். காது ஒரு விரல் இறங்கினால் ஏறக் கூடாத பிள்ளை ஏறிவிடும். சீட்டில் கம்பியைப் பூட்டும் ஷகிலா, "தெனமும் என்னாக்கா அளக்கற, அது என்ன புள்ளையா வளர்றதுக்கு" என்று கேலி செய்வாள். செய்யட்டும்.

மே 9, சனி

இன்று ஒரு பையன் வந்தான். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. தலை ஒட்டகச்சிவிங்கியின் தாடைக்குத்தான் வந்தது. கூட வந்த அம்மா ஆதார் கார்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பதினாலு வயசு முடிஞ்சிருச்சு மேடம். பாருங்க."

"வயசு இல்லைங்கம்மா, உயரம். அந்தக் கம்பிக்கு வயசு தெரியாது."

"அவனோட தம்பி ஏறிட்டான். இவன் அண்ணன்."

முடியாது என்று தலையை ஆட்டினேன். அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்தாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"வளருதா?"

"வளருது" என்றேன்.

பையன் மிட்டாயை வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு எனக்கு நாள் முழுக்கக் கணக்குத் தப்பியது. இருபத்து நான்கு பேர் ஏற வேண்டிய வண்டிக்கு இருபத்தாறு பேரை விட்டுவிட்டேன். மிச்ச இரண்டு பேரை ஷகிலா திருப்பி அனுப்பினாள்.

மே 10, ஞாயிறு

எங்கள் வீட்டிலும் ஓர் ஒட்டகச்சிவிங்கி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பார்க்கில் ஸ்டிக்கர் மாற்றியபோது மிச்சமான ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் தொண்ணூறு என்று ஆரம்பிக்கும். அதனால் தரையிலிருந்து டேப் வைத்து அளந்துதான் சுவரில் ஒட்ட வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடரை அதில் நிறுத்துவோம். எங்கள் வீட்டு விசேஷம் அது.

போன வருடக் குடும்ப நாளில், ஸ்டாஃப் பிள்ளைகள் எல்லாம் இலவசமாக ஏறும் அந்த ஒரு நாளில், சுடருக்குக் காது எட்டவில்லை. நான்தான் நிறுத்தினேன். நான்தான் "அடுத்த வருஷம்" என்றேன். அவள் அழவில்லை. மிட்டாயைச் சாப்பிட்டுக்கொண்டே போய் மரத்தடியில் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அப்பாவும் பெண்ணும் கடைக்குப் போயிருந்தபோது பார்த்தேன், ஸ்டிக்கர் ஒரு பக்கம் உரிந்திருந்தது. எடுத்துச் சரியாக ஒட்டினேன். வந்ததும் அளந்தோம். நூற்றுப் பதினேழு. அவர் கை தட்டினார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார், தினமும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளையை வெளிச்சத்தில் பார்க்கிறார். "பாத்தியா, மாசம் தவறாம ஏறுது" என்றார்.

மே 24, ஞாயிறு

கத்திரி வெயில். தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. சுடர் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள், குளிருகிறதாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பதினொரு மணி வரை தூங்குகிறாள். லீவு விட்டால் இதுகளுக்குச் சோம்பல் தலைக்கேறிவிடும். கன்னம் மட்டும் பூசினாற்போல் உப்பியிருக்கிறது. தூங்கித் தூங்கி வந்த சதை.

ஜூன் 4, வியாழன்

பள்ளி திறந்தது. எதிர்வீட்டில் இரண்டு செட் யூனிஃபார்ம், புது ஷூ. எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. போன வருடத்துப் பாவாடை சுடருக்கு அப்படியே பொருந்துகிறது, கீழ் மடிப்பைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை. ஷூவும் அதே.

எழுதிய பிறகு இந்த வரியைத் திரும்பப் படித்தேன். அடித்துவிடலாம் என்று தோன்றியது. அடித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். இருக்கட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

நூற்றுப் பதினெட்டரை. அவர் கடைக்கு ஓடிப்போய்ப் பாதுஷா வாங்கி வந்தார்.

ஒட்டகச்சிவிங்கியின் தலைக்கு மேல் சுவரில் பழைய பசைக் கறை அசிங்கமாக இருக்கிறது என்று சுடரே ஒரு படம் வரைந்து அங்கே ஒட்டினாள். தானே எக்கி நின்று ஒட்டினாள். சூறாவளி வண்டி, முன் சீட்டில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். கேட்டில் நீலச் சட்டை போட்டு நான். சமர்த்துப் பிள்ளை.

ஜூன் 14, ஞாயிறு

தொங்கினால் உயரம் கூடும் என்று ஷகிலா சொன்னாள். கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு கம்பி போட்டேன். காலையும் மாலையும் தொங்க வேண்டும். சுடர் முனகாமல் தொங்குகிறாள். நான் எண்ணுவேன். இருபதுக்கு மேல் கை நடுங்குகிறது. முப்பது வரை விடாதே என்றால் விடாமல் தொங்குகிறாள்.

இறங்கியதும் உள்ளங்கையைப் பார்த்தேன். நான்கு கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவினேன். தோல் உலர்ந்து, கருவாட்டுச் செதில் மாதிரி வெடித்திருக்கிறது. இந்த வயதில் தோல் இப்படியா இருக்கும்?

"வலிச்சா சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீ எண்ணிட்டிருந்தம்மா" என்றாள்.

ஜூன் 17, புதன்

முட்டை, பால், முருங்கைக்கீரை. எதுவும் இறங்கவில்லை அவளுக்கு. வயிறு கல்லு மாதிரி இருக்கிறதாம். மிரட்டி ஊட்டினேன்.

ஜூன் 26, வெள்ளி

பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். பார்க் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"சுடர்விழி கிளாஸ்ல தூங்குறா. கேள்வி கேட்டா பதில் வர்றதுக்கு நேரமாகுது. முன்னல்லாம் இப்படி இல்ல. வரிசையிலயும் இப்ப அவதான் முதல்ல நிக்கிறா, மூணாம் கிளாஸ் பிள்ளைங்களவிடச் சின்னதா. எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"காட்டிட்டோம் மிஸ். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வேலையாகப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரம்தான் பார்ப்பார்கள். அவள் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூலை 5, ஞாயிறு

நூற்றிருபது. காதைத் தொட்டுவிட்டாள்.

அவர் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் ஆடினார். "இனிமே உங்கம்மா கேட்ல என் பொண்ண யாரு நிறுத்துறாங்கன்னு பாத்துடலாம்" என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோள்மேல் உட்கார்ந்திருந்த சுடர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 6, திங்கள்

ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். குடும்ப நாள் இருபதாம் தேதி.

ஜூலை 9, வியாழன்

எழுதிவிடுகிறேன். இதைப் படிக்க யாரும் வரப்போவதில்லை.

ஒரு விரல்தான் இறக்கினேன். போன ஆகஸ்டில். ஏறலையாம்மா, ஏறலையாம்மா என்று தினமும் போய் அந்தச் சுவரோரம் நிற்பாள். பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் பிள்ளை தானாக வளர்ந்துவிடும், ஸ்டிக்கரைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அடுத்த மாதம் அவள் வளரவில்லை. போன மாதம் ஏறியது இந்த மாதம் குறைந்தால் என்ன சொல்வது? இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இப்படியே ஒவ்வொரு மாதமும். தூங்கும் பிள்ளையைப் பாயிலேயே குதிகாலிலிருந்து உச்சி வரை டேப் வைத்து அளந்து பார்ப்பேன். ஒரே எண்தான் வரும். அந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஊரார் பிள்ளைகளுக்கு அரை விரல் விட்டுக் கொடுக்காதவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 13, திங்கள்

ஜெரால்டு சாரிடம் போய் நின்றேன். இருபதாம் தேதி மட்டும் என்னைப் படகுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன்.

"குடும்ப நாள்ல அந்தக் கேட்ல நீங்க இல்லாமலா? வெளி ஆளுங்கள நம்பிடலாம் மேடம். நம்ம ஸ்டாஃபுதான் மொதல்ல ஏமாத்துவான். நீங்கதான் நிக்கணும்."

பாராட்டுகிறாராம். வெளியே வந்து கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 16, வியாழன்

இன்று நான் செய்ததை ஆபீஸில் காட்ட முடியாது.

சூறாவளியின் மூன்றாவது வளைவில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று சொன்னேன். எந்தச் சத்தமும் இல்லை. வண்டி நின்றால் போதும், இருபதாம் தேதி தாண்டும் வரை நின்றால் போதும் என்று இருந்தது. உடனே நிறுத்திவிட்டார்கள். வரிசையில் இருந்த ஜனத்தை வெயிலில் திருப்பி அனுப்பினோம். மெக்கானிக் பன்னீர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தார். சட்டையைப் பிழியலாம் போல நனைந்து இறங்கினார்.

"ஒண்ணும் தெரியல மேடம். ஆனா உங்க காது தப்பா இருக்காது. நாளைக்கும் ஒரு தடவ பாத்துர்றேன்."

ஜூலை 17, வெள்ளி

பன்னீருக்கு இன்று வார லீவு. வந்து மறுபடி ஏறினார். நான் கீழே நின்று பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

"நாளைக்குப் பார்க் வேணாம் சுடர், சினிமாவுக்குப் போலாமா? பாப்கார்ன், ஐஸ்கிரீம் எல்லாம்."

"பார்க்குக்குத்தாம்மா போகணும்."

"ஒடம்பு வேற சரியில்ல ஒனக்கு. தூங்கித் தூங்கி விழற."

"அதுக்குத்தாம்மா போகணும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவர் அவளுடைய மஞ்சள் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், பாட்டு முணுமுணுத்தபடி.

ஜூலை 20, திங்கள்

காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். டேப்பை ஊன்றி அளந்தேன். சரியாக இருந்தது. பலகையை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. என் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. வீட்டிலிருந்து நான்தான் போட்டு வந்திருக்க வேண்டும். மேலே இருந்த ஒன்றைக் கழற்றினேன். இன்னொன்றையும் கழற்றினேன். பலகை கொஞ்சம் சரிந்து என் கையில் சாய்ந்தது.

அந்தக் கம்பி நினைவுக்கு வந்தது. அது பிள்ளையின் தொடைமேல் அழுந்தி உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே இடம் இருக்கும். வண்டி தலைகீழாகும்போது அந்த இடம் போதும், பிள்ளை நழுவுவதற்கு. இன்று வருகிற எல்லாப் பிள்ளைகளும் இந்தக் காதை நம்பித்தான் ஏறப்போகிறார்கள். இரண்டு திருகாணிகளையும் திரும்ப முடுக்கினேன். மறுபடியும் அளந்தேன். பிறகு நடப்பது நடக்கட்டும் என்று கேட்டைத் திறந்தேன்.

பதினொரு மணி வாக்கில் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி முன்னால் வந்தார். ஷகிலா கையை ஆட்டினாள். ஜெரால்டு சாரும் அங்கேதான் நின்றார். சுடர் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஒற்றைப் பின்னல் போட்டிருந்தாள். தானே போட்டுக்கொண்ட பின்னல். நான் சொல்லும் முன்பே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குதிகாலைப் பலகையோடு ஒட்டி, கையைத் தொங்கவிட்டு, முகத்தை நேராக வைத்து நின்றாள். என் கேட்டில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பிள்ளையும் நின்றதில்லை.

காது எங்கேயோ மேலே இருந்தது.

அவர் சிரித்தார். "ஏய், நேரா நில்லு சுடரு. வெளையாடாத."

"நேராத்தாம்பா நிக்கிறேன்."

குனிந்து குதிகாலைப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வேதா, உங்க போர்டு தப்பு. வீட்ல நூத்தியிருபது இருந்துச்சே."

"காலைல செக் பண்ணீங்களா மேடம்?" என்றார் ஜெரால்டு சார்.

"பண்ணேன் சார். ரெண்டு தடவ."

"அப்ப எப்டி?" என்றார் சுடரின் அப்பா. "இது தப்புதான், வேற எப்டி?"

"எங்க போர்டு தப்பா இருக்காதுங்க" என்றேன்.

அவருக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும், ஆனால் புரிந்துவிடும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப வீட்ல இருக்கறது?" என்று கேட்டார், சத்தமே இல்லாமல். நான் மிட்டாய் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன் பழக்கத்தில் அதைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டிவிட்டது. வாயும் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அடுத்த வருஷம்..."

"அப்டிச் சொல்லாதம்மா" என்றாள் சுடர்.

பலகையை விட்டு அவள் நகரவில்லை.

"அந்த ஒட்டகச்சிவிங்கி எறங்கிட்டே இருக்கறது எனக்குத் தெரியும்மா. மேல கறை இருந்துச்சுல்ல. அப்பா பாத்தா ஒன்னத் திட்டுவாருன்னுதான் படம் ஒட்டுனேன்."

"தெரிஞ்சும் ஏன்டி இங்க வந்து நின்ன? இத்தன பேரு முன்னாடி?"

"வீட்ல கேட்டா நீ நெஜத்தச் சொல்ல மாட்ட. இங்கன்னா நீ யாருக்கும் பொய் சொல்ல மாட்டல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு என்னமோ பண்ணுதும்மா. எப்பவும் குளிருது. நான் நெஜமா எவ்ளோன்னு சொல்லும்மா."

நான் ரப்பர் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷகிலா வந்து என் தோளைப் பிடித்தாள். அவர் சுடரின் செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். மறு கையால் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பத்து வயதுப் பெண்ணை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவரால் முடிந்தது.

ஜூலை 21, செவ்வாய்

அவர் வேலைக்குப் போகவில்லை. சுடர் வரைந்த படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துவிட்டு, அடியில் இருந்த கறையைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடு கோடாக இருந்தது.

ஜூலை 23, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். சுடரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். குளிருதா, மலம் கட்டுதா, தூக்கம் அதிகமா, முடி கொட்டுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது. சோம்பல் என்றும் சதை என்றும் பெயர் வைத்திருந்தேன்.

உயரம் பார்த்தார்கள். எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார், "போன வருஷம் எவ்ளோ இருந்தா? வளர்றது எப்ப நின்னுச்சுன்னு தெரிஞ்சா எனக்கு ஒதவியா இருக்கும்."

சுடரின் அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எண்ணைச் சொன்னேன், போன வருடமும் அதுதான் என்றேன், எந்த மாதத்திலிருந்து என்பதையும் சொன்னேன்.

"இவ்ளோ கரெக்டா தெரிஞ்சிருக்கு. பின்ன ஏன் கூட்டிட்டு வரல?"

அவர்தான் பதில் சொன்னார்.

"எங்களுக்குப் புரியலைங்க" என்றார்.

எங்களுக்கு என்றார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

ஜூலை 25, சனி

பன்னீரிடம் போய், அந்தச் சத்தம் பொய் என்று சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க நெஜமாவே சத்தம் கேக்குதுன்னு சொன்னாலும் நான் ஏறணுமே மேடம்" என்றார். ஜெரால்டு சாரிடமும் சொன்னேன். இரண்டு வாரம் கேட்டில் நிற்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரை வருகிறவர்களுக்கு லாக்கர் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை. சரிதான்.

ஜூலை 27, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தைராய்டு. சுரக்க வேண்டியது சுரக்கவே இல்லையாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மாத்திரை கடுகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"வளருவாளா டாக்டர்?"

"குளிரு, தூக்கம் எல்லாம் சீக்கிரம் போயிரும். வளரவும் ஆரம்பிச்சுருவா. ஆனா விட்டுப்போன வருஷம் முழுசாத் திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பஸ்ஸில் வரும்போது சுடர் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். கம்பியில் அவள் தொங்கியதும் நான் எண்ணியதும் நினைவுக்கு வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஒரு வருஷம். ஒரு மாத்திரை. அதைத் தராமல் ஸ்டிக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. சுடரே எழுந்து வந்து ஒட்டகச்சிவிங்கியை அடியிலிருந்து உரித்தாள். கால், வயிறு, கழுத்து, கடைசியில் காது. சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். சுவர் மொட்டையாக இருந்தது.

"டேப்ப எடும்மா" என்றாள்.

எடுத்து வந்தேன். தரையில் ஊன்றக் குனிந்தேன். அவள் என் கையிலிருந்து டேப்பின் நுனியை வாங்கி அவள் அப்பாவிடம் கொடுத்தாள். "கீழ அப்பா பிடிக்கட்டும். நீ மேல பாத்துச் சொல்லு." அவர் தரையில் மண்டியிட்டு, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "ம், பாரு" என்றார்.

நான் பார்த்தேன். எண் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்துச் சொன்னேன்.

"டைரில எழுதும்மா" என்றாள்.

எழுதும் வரை பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன்.

சுடர்விழி. நூற்றுப் பதினொன்று.